டிஸ்டன்ஸ் மென்பொருள்: இரை விலங்குக் கணக்கெடுப்புக்கு நம்பத்தக்க துணை

ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான்களுக்கு ஈடான இரை தேவைப்படுவதால், ஒரு காடு எத்தனை புலிகளைத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அங்குள்ள புள்ளிமான், கடமான், காட்டுமாடு ஆகியவற்றின் அடர்த்தியே தீர்மானிக்கிறது. கண்ணில் பட்டவற்றை மட்டும் எண்ணினால் புதருக்குள் நின்றவை விடுபட்டுப்போகும். அந்த விடுபடலை மதிப்பிடவே ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான டிஸ்டன்ஸ் (Distance) மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

நேர்கோட்டுப் பாதையில் நடக்கையில், 60 மீட்டர் தொலைவில், பாதையிலிருந்து 30 பாகை விலகி ஒரு புள்ளிமான் கூட்டம் தெரிந்தால், பாதைக்குச் செங்குத்தாக அதன் தொலைவு 30 மீட்டர். இத்தகைய பதிவுகளைக் கொண்டு இம்மென்பொருள், பாதையிலிருந்து விலக விலகக் கண்ணில் படும் வாய்ப்பு எவ்வாறு குறைகிறது என்பதை வளைகோடாக வரைந்து, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை விலங்குகள் என்பதைப் பிழை வரம்புடன் தருகிறது. அந்த வரம்பை மறைக்காமல் காட்டுவதே இதன் தலையாய சிறப்பு என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் கணினிக்கென அமைந்தது ஒரு குறைதான். ஆயினும் ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியின் பயனர்களுக்குத் தனித் தொகுப்புகள் உள்ளன. நாற்கொம்பு மான் போன்ற அரிய விலங்குகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 60 முதல் 80 பதிவுகள் சேர்வது கடினம் என்பதால், வாங்குவதற்குப் பணம் வேண்டாம் என்றாலும், நடப்பதற்குப் பல நாள் பொறுமையும், தொலைவை உத்தேசமாகக் குறிக்காமல் அளக்க ஒரு லேசர் தொலைவுமானியும் கட்டாயம் வேண்டும்.