இபேயில் பழைய லென்ஸ் விற்பது: கூட்டம் பெரிது, கட்டம் போதாது

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் கேமரா லென்ஸை விலை தெரிந்து வாங்குகிறவர்கள் இபே என்ற இணையச் சந்தையில் இருக்கிறார்கள். எம்42 மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்) லென்ஸுக்கு உள்ளூரில் ஆள் தேடி அலைய வேண்டாம். அதற்காக இபேக்கு முழு மதிப்பெண். ஆனால் அங்கே விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது செருப்பும் செல்போனும்தான், லென்ஸ் இல்லை. இங்கே பேசுவது அமெரிக்க, பிரிட்டன் தளங்களைப் பற்றி. இந்தியத் தளத்தை 2018இலேயே மூடிவிட்டார்கள்.

முதல் தலைவலி, பொருளின் நிலையைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். பழைய லென்ஸை விற்கும் சாதாரண ஆளுக்கு அதில் இருப்பது இரண்டே வழி: ‘யூஸ்டு’, அல்லது ‘பார்ட்ஸுக்கு மட்டும்’. ‘யூஸ்டு’ என்றால் தேய்மானம் இருக்கலாம், ஆனால் முழுமையாக வேலை செய்ய வேண்டும் என்பது இபேயின் விளக்கம். உள்கண்ணாடி ஓரத்தில் நூலிழை மாதிரி இரண்டு பூஞ்சைக் கோடு, எடுக்கும் படத்தில் அது தெரியவே தெரியாது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? ‘யூஸ்டு’ என்றால் புகாருக்குக் கதவு திறந்தாயிற்று. ‘பார்ட்ஸ்’ என்றால் அடிமாட்டு விலை. எம்பிபி மாதிரி பழைய கேமரா கடைகள் படிப்படியாகத் தரம் பிரித்து விற்கும்போது, இவ்வளவு பெரிய சந்தையில் அது இல்லாதது நியாயமே இல்லை.

விற்பவர் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டிருந்தாலும், ‘விவரித்தபடி இல்லை’ என்று வாங்கியவர் சொல்லிவிட்டால் அது செல்லாது. பொருள் கைக்கு வந்து 30 நாள் வரை அவருக்கு அவகாசம். விற்றவருக்கோ பதில் சொல்லித் தீர்க்க மூன்று வேலை நாள்தான். திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில். விற்றவர் வாங்கியவரைப் பற்றி நெகட்டிவ் ஃபீட்பேக் கொடுக்கும் வழியை 2008இலேயே அடைத்துவிட்டார்கள்.

இந்தப் புகார்கள் எல்லாமே மோசடி அல்ல. பல நேரம் லென்ஸில் பழுதே இருக்காது, பொருத்தம் புரியாமல் வாங்கியிருப்பார்கள். தனக்குள் மோட்டார் இல்லாத நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸை டி3500 கேமராவில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டாரே கிடையாது. 1977க்கு முந்தைய, ‘ஏஐ’ (அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை கேமராவுக்குச் சொல்லும் நிக்கான் முறை) ஆக மாற்றப்படாத நிக்கான் லென்ஸ் இன்னும் ஆபத்து. டி750 மாதிரி பாடியில் அழுத்தித் திருகினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன லீவரே உடையலாம். இபே விளம்பரத்தில் மவுண்ட் என்ற இடத்தில் ‘நிக்கான் எஃப்’ என்று மட்டும் போட்டால் இதில் ஒன்றுமே தெரியாது. எந்த பாடியில் ஓடும், எதில் மாட்டவே கூடாது என்று விவரத்தின் முதல் இரண்டு வரியிலேயே எழுதிவிடுங்கள். கீழே எழுதினால் யாரும் படிப்பதில்லை.

பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் இன்னொரு வகைச் சிக்கல். அதன் பிந்தைய பதிப்பில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருடங்கள் ஆக ஆக டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். விஷயம் தெரிந்தவருக்கு இது குறையே அல்ல, தெரியாதவருக்கோ ரிட்டர்ன் காரணம். லென்ஸை வெள்ளைத் தாள்மேல் நிறுத்தி, மஞ்சள் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் போடுங்கள். தலைப்பில் 80 எழுத்துக்குமேல் இடம் கிடையாது. ‘சூப்பர்’, ‘அருமை’ என்றெல்லாம் வீணடிக்காமல் மவுண்ட் பெயரையும் குறையையும் அங்கேயே சொல்லுங்கள்.

விற்பதற்கு முன் அறையை இருட்டாக்கி, அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். பூஞ்சை என்றால் வேர் மாதிரி கிளைவிட்டிருக்கும். மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கல் படலம் இருந்தால் ஹேஸ். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இரு கண்ணாடிகளுக்கு இடையே பசை விட்டுவிட்டது. அப்பர்ச்சர் பிளேடில் எண்ணெய் கசிந்திருந்தால் மினுங்கும், லீவரைத் தள்ளிவிட்டால் டக்கென்று மூடாமல் மெதுவாக நகரும். பார்த்ததை எல்லாம் அதே டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். 24 படம் வரை இடம் தருகிறார்கள், நெட்டிலிருந்து எடுத்த கம்பெனிப் படம் பழைய பொருளுக்கு ஆகாது. சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று முக்கியம். நல்ல லென்ஸை வைத்துக்கொண்டு பூஞ்சை பிடித்ததைத் திருப்பி அனுப்புகிறவரிடம் காட்ட வேறு ஆதாரம் கிடையாது.

கமிஷனையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் லென்ஸ் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவு, வாங்குபவர் கட்டும் விற்பனை வரி எல்லாம் சேர்ந்த தொகைக்குத்தான் கமிஷன். தூரத்தைக் கிட்டே காட்டும் கனமான டெலி லென்ஸில் இது நன்றாகவே கடிக்கும். பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கு 2024 அக்டோபரில் விற்பவர் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கமிஷன், ரிட்டர்ன் இரண்டையும் பார்த்தால் மேனுவல் லென்ஸை இபேயிலும், 70-200 மி.மீ. ஜூம் மாதிரி விலை உயர்ந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸை எம்பிபி மாதிரிக் கடையிலும் கொடுப்பதே புத்திசாலித்தனம். கடையில் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் 30 நாள் பயம் இல்லை.

பார்சலுக்கு இரண்டு பெட்டி வேண்டும். முன், பின் மூடி போட்டு, ஃபோகஸ் ரிங்கை முடிவிலியில் வைத்து, பபிள் ராப் சுற்றி உள்பெட்டியில் வையுங்கள். வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே நாலு பக்கமும் 5 செ.மீ. அடைப்பு இருக்கட்டும். மொத்தம் 750 டாலரைத் தொட்டால் கையெழுத்து வாங்கித் தரும் டெலிவரி கட்டாயம். அது இல்லாமல் அனுப்பி, ‘வரவே இல்லை’ என்று புகார் வந்தால் டிராக்கிங்கில் ‘டெலிவர்ட்’ என்று இருந்தும் பயனில்லை.