ரெய்ட் கார்டைக் கண்காணிக்க ஸ்டோர்சிஎல்ஐயா, ஸ்மார்ட்-டியா?

நாலு டிஸ்க்கைச் சேர்த்து மெகாரெய்ட் கார்டில் ரெய்ட் 10 (டிஸ்க் ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும்படி, எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் அமைப்பு) கட்டினால், லினக்ஸ் கெர்னலுக்குத் தெரிவது எஸ்டிஏ என்ற ஒரே ஒரு டிஸ்க்தான். பின்னால் ஒரு டிஸ்க் செத்தாலும் அந்த எஸ்டிஏ எப்போதும்போல் படிக்கும், எழுதும். கார்டு இல்லாமல் லினக்ஸே நடத்தும் மென்பொருள் ரெய்டாக இருந்தால், அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்த்தால் போதும், விழுந்த டிஸ்க்கின் இடத்தில், நல்ல டிஸ்க்கைக் குறிக்கும் 'யூ'வுக்குப் பதில் அடிக்கோடு இருக்கும். இங்கே கார்டிடமே கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு வழி. கார்டு நிறுவனமே தரும் ஸ்டோர்சிஎல்ஐ ஒன்று, ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் வரும் ஸ்மார்ட்-டி இன்னொன்று. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் ஸ்டோர்சிஎல்ஐ பக்கம் சாய்ந்தேன்.

ஸ்மார்ட்-டி திறமூலம், டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலேயே கிடைக்கும், சிஸ்டத்தோடு சேர்ந்தே அப்டேட் ஆகும். 'மெகாரெய்ட்' என்று வகையைச் சொல்லி, கமா போட்டு டிஸ்க் எண்ணைக் கொடுத்தால் கார்டைத் தாண்டி டிஸ்க்கிடமே பேசும். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டர் (சந்தேகத்தில் இருக்கும் பகுதி) எண்ணிக்கைகள் ஏறுவதை வைத்து, ஒரு டிஸ்க் நோய்ப்படுவதை முன்கூட்டியே பிடிக்கலாம்.

ஆனால் அரேயின், அதாவது டிஸ்க்குகள் சேர்ந்த தொகுதியின், நிலை அதற்குத் தெரியாது. கேபிள் தளர்ந்து கார்டு ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டிருக்கும், அரே டிகிரேடட் (டிஸ்க் குறைந்த நிலை) ஆகியிருக்கும். அந்த டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையோ 'பாஸ்ட்' என்றே சொல்லலாம். கார்டின் கேஷ் நினைவகத்தைக் காக்கும் பேட்டரியும் ஸ்மார்ட்-டியின் கண்ணில் படாது. பேட்டரி போனால் கார்டு வழக்கமாக ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் எழுதியதுமே வேலை முடிந்தது என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே முடிந்தது என்பது) மாறிவிடும். எழுதும் வேகம் சட்டென்று விழும், நாம் டேட்டாபேஸில் குறை தேடிக்கொண்டிருப்போம். ஸ்டோர்சிஎல்ஐ இதையெல்லாம் ஒரே அழைப்பில் தருகிறது. கட்டளையின் கடைசியில் 'ஜே' சேர்த்தால் நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவிலேயே கொடுக்கும்.

சரி, என்னைத் தீர்மானிக்க வைத்தது இது எதுவும் இல்லை, பராமரிப்புதான். கண்காணிப்பே செத்துப்போனால் அது எனக்குத் தெரியுமா?

முன்பு ஒரு பழைய கட்டளைக் கருவியை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஓடவிட்டிருந்தேன். வெளியீட்டில் 'டிகிரேடட்' என்ற சொல் இருந்தால் மெயில், இல்லாவிட்டால் மௌனம். ஓஎஸ்ஸை அப்கிரேட் செய்தபோது அந்தக் கருவிக்கு வேண்டிய பழைய லைப்ரரி போய்விட்டது. கருவி எழவே இல்லை. வெளியீடு காலி, அதனால் 'டிகிரேடட்' என்ற சொல்லும் இல்லை. மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக சர்வர் அறைக்குப் போனபோது மூன்றாவது ஸ்லாட்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிந்ததோ.

அன்றிலிருந்து கெட்ட சொல்லைத் தேடுவதை விட்டேன். வால்யூம் 'ஆப்டிஎல்' (முழு நலம்) என்று இருக்க வேண்டும், 'ஆன்எல்என்' (வேலையில் இருக்கும்) நிலையில் சரியாக நான்கு டிஸ்க் இருக்க வேண்டும், ஜேசன் முழுதாகப் படிக்க வர வேண்டும். இதில் எது தவறினாலும் அலாரம். முடிவை, சர்வரின் அளவீடுகளைக் கண்காணிப்புக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் படிக்கும் டெக்ஸ்ட் கோப்பில் எழுதுகிறேன். அந்தக் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் அதற்குத் தனி அலாரம். கருவியின் பெயரை வேண்டுமென்றே மாற்றி வைத்து, அலாரம் அடிக்கிறதா என்றும் பார்த்தேன்.

என் அமைப்பில் ஸ்மார்ட்-டிக்கு டிஸ்க் எண்களை நான்தான் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க்கை மாற்றினால் புதியது வேறு எண்ணோடு வரலாம், அப்புறம் அதைக் கவனிக்க யாரும் இல்லை. ஸ்டோர்சிஎல்ஐ, கார்டில் இருப்பதை அப்படியே பட்டியல் போடுகிறது.

ஸ்டோர்சிஎல்ஐயிலும் குறை உண்டு. மூலநிரல் மூடியது, கையால் இறக்கி நிறுவ வேண்டும், ரூட் அனுமதி வேண்டும். எச்பி ஸ்மார்ட் அரே கார்டுகளுக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று தனிக் கருவி. அதை நான் சில மாதமே கையாண்டிருக்கிறேன், இதே முறை அங்கும் ஓடியது, அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில், ரெய்டைக் கவனிக்கும் பயோசிடிஎல் கருவி சிஸ்டத்தோடேயே வருகிறது, டிரைவின் நிலை சென்சாராகவும் தெரிகிறது. லினக்ஸிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஸ்மார்ட்-டியை நான் எடுத்துவிடவில்லை. ஸ்டோர்சிஎல்ஐ பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, ஸ்மார்ட்-டி செக்டர் எண்ணிக்கைகளைப் பார்த்துக்கொள்கிறது. டிஸ்க் மாற்றும் நாளில் அதன் கோப்பில் புது எண்ணை எழுதி, சோதனை மெயில் வந்து சேர்ந்த பிறகுதான் சர்வர் அறைக் கதவைப் பூட்டுகிறேன்.