வீட்டுக்கு வந்து பழைய படங்களை ஸ்கான் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய குடும்ப அல்பம் வைத்திருக்கும் எல்லாரும் இதை வாசிக்க வேண்டும். இங்கே யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தில் 1200 டிபிஐ ஸ்கான், பழுதான படமும் புதிதாகும் என்று போட்டிருந்தார்கள். டிபிஐ என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி (பிக்சல்) பதிவாகிறது என்ற கணக்கு. பாதிக் காசை முன்பே வாங்கிக்கொண்டு ஒரு பொடியன் வந்தான். கையில் ஸ்கானர் இல்லை. கேட்டதற்கு, "அன்ரி, இப்ப எல்லாம் போனிலயே ஸ்கான் பண்ணலாம், இன்னும் கிளியரா வரும்" என்றானாம்.

அந்த அல்பங்கள் சண்டையால் யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவை. வீட்டுச் சாமான்கள் எல்லாம் போனபோதும் பெரியம்மா அவற்றை விடவில்லை. இவன் அவற்றிலிருந்து படங்களைப் பிய்த்தெடுத்தான். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் அல்பங்களில் பசை காலப்போக்கில் இறுகிவிடும், இழுத்தால் படத்தின் முதுகுத்தாள் அல்பத்திலேயே நின்றுவிடும். நின்றுவிட்டது. யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பெரியப்பா பின்பக்கம் எழுதி வைத்தவை பல படங்களில் இப்போது இல்லை. அதற்கு என்ன காசு கொடுத்தாலும் ஈடாகாது.

படங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். 4க்கு 6 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 4800க்கு 7200 பிக்சல் இருக்க வேண்டும், இவை அதற்குக் கிட்டவும் இல்லை. பளபளப்பான படங்களில் யன்னல் வெளிச்சம் வெள்ளையாக அடித்திருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். முகங்களை மாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மம்மாவின் மூக்குத்தி தோலோடு கரைந்துவிட்டது, கன்னத்து மச்சம் இல்லை. சண்டையில் இறந்த மாமா ஒரே ஒரு கூட்டப் படத்தில்தான் இருக்கிறார், அதுவும் பின்வரிசையில், சின்னதாக. "தெளிவாக்கிய" படத்தில் அவர் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒரு பெடியன் நிற்கிறான். முகம் மங்கலாக இருந்தால், படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் தாங்கள் பழகிய மற்ற முகங்களை வைத்து ஊகித்து நிரப்பும். அது தெரியாமல் கனடாவில் மச்சாள் அந்த முகத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். பெரியம்மா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "இது என்ர தம்பி இல்லை" என்றார்.

திருத்தாத கோப்புகளைக் கேட்டோம், அழித்துவிட்டானாம். காசைக் கேட்டபிறகு போன் எடுப்பதில்லை. அந்தப் பேஸ்புக் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அதனால் பெயரை வைத்து ஒதுங்க முடியாது, வேலையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

தட்டையான கண்ணாடி ஸ்கானர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முக்கியமில்லாத ஒரு படத்தைக் கொடுத்து, கோப்பைக் கணினியில் திறந்து பிக்சல் அளவைப் பாருங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ தாராளமாகப் போதும், 1200 என்று பெரிதாகச் சொல்வதில் மயங்க வேண்டாம். திருத்தாத கோப்பு பென் டிரைவில் கைக்கு வரும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். திருத்தியது வேண்டுமென்றால் தனியாகத் தரட்டும். அல்பத்தை வீட்டைவிட்டு வெளியே விட வேண்டாம். பின்பக்க எழுத்தையும் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள், அதற்குக் கூடக் காசு கேட்டாலும் கொடுங்கள்.

அல்பத்தில் ஒட்டிய படம் லேசில் வராவிட்டால் முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கானரில் வைக்கலாம். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடியோடுதான் வைக்க வேண்டும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.