பாரிமுனை ரெடிமேட் வாடகை ஒப்பந்தம்: வீட்டுக்குச் சரி, குடோனுக்குப் போதாது

சென்னை பாரிமுனையில் ஐகோர்ட்டைச் சுற்றியுள்ள டைப்பிங், ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கிற வாடகை ஒப்பந்தப் படிவத்தில் பெயர், முகவரி, வாடகை, அட்வான்ஸ், 11 மாதம், இரண்டு சாட்சி. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

குடியிருக்கும் வீட்டுக்கு இது ஏறக்குறையப் போதும். படிவம் விட்டதைச் சட்டமே நிரப்பிவிடுகிறது என்பதுதான் காரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கழிவுநீர் அடைப்பு வாடகைக்காரர் பொறுப்பு. 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு' என்று அச்சில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. வேண்டாமென்றால் அந்த வரியை அடித்து, இருவரும் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். (11 மாதம் என்றால் பதிவு தேவையில்லை என்பார்கள். இந்தச் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது.)

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் துணி குடோனுக்கும் இதே தாளை நீட்டினால்தான் வம்பு. குடோன் முதல் மாடியில், படிக்கட்டு ஓனர் வீட்டு முற்றத்தில் என்று வையுங்கள். படியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லாவிட்டாலும், எழுதியிருப்பதாகவே வைத்துக் கோர்ட் சேர்த்துப் படிக்கும்; ஏற வழியில்லாத குடோனை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? ஆனால் இரவு 10 மணிக்கு லோடு இறக்க கேட் திறப்பது, லிஃப்ட் கரண்ட் செலவு, ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு போன்றவற்றைச் சேர்க்க வைப்பது கடினம்.

எழுதாத ஷரத்தை இப்படிச் சேர்த்துப் படிப்பதற்கான அளவுகோல் 1977இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, நம் உச்ச நீதிமன்றம் 2017இல் நாபா பவர் என்ற மின் நிறுவனத்தின் வழக்கில் எடுத்தாண்டது. சேர்க்கும் ஷரத்து நியாயமாக இருக்க வேண்டும்; அது இல்லாமல் ஒப்பந்தம் செயல்படவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும்; சொல்லாமலே விளங்க வேண்டும்; தெளிவாக எழுத முடிய வேண்டும்; எழுதியிருப்பதோடு மோதக் கூடாது. ஐந்தும் தேவை. பெரும்பாலும் இரண்டாவதில்தான் சறுக்கும், ஏனென்றால் 'இருந்திருந்தால் நல்லது' என்பது கோர்ட்டில் எடுபடாது. ஐந்தாவதையும் லேசாக நினைக்க வேண்டாம். 'வளாகத்தின் மற்ற பகுதிகளில் உரிமை இல்லை' என்று அச்சில் ஒரு வரி இருந்தால் படிக்கட்டு வாதமே ஆட்டம் காணும்.

ஆகவே குடோனுக்கு இன்னொரு தாள் சேருங்கள். படி, கேட் நேரம், வண்டி நிற்கும் இடம், சப் மீட்டர் கணக்கு. லிஃப்ட் ரிப்பேருக்கு 'உடனடியாக' என்று எழுதாமல், 'தகவல் சொன்ன 7 நாளில். தவறினால் வாடகைக்காரர் சரிசெய்து, பில் தொகையை வாடகையில் கழிக்கலாம்' என்று எழுதுங்கள். தரையில் போல்ட் போட்ட ரேக்குகளைக் கழற்றிக்கொள்ள 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் இடம் உங்கள் கையில் இருக்கும்வரைதான். சாவியைக் கொடுக்கும் முன்பே கழற்றி, தரையையும் பூசிவிட வேண்டும்.