கீபோர்டைத் தொடாத ஆசிரியர்: தனி ட்யூஷனில் புரோகிராமிங் கற்ற இரண்டரை ஆண்டுகள்

புரோகிராமிங் கற்கத் தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டரை ஆண்டுகளில் மூன்று பேரிடம் படித்திருக்கிறேன். முதல் இருவரிடம் பத்து மாதத்தில் கற்றதைவிட, மூன்றாமவரிடம் முதல் எட்டு வாரத்தில் கற்றது அதிகம். மூவருமே விஷயம் தெரிந்தவர்கள், அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று நான் வெகுநாள் யோசித்தேன்.

முதலில் என் தேவை. மாதக் கடைசியில் பல பிரிவுகளிலிருந்து வரும் எக்செல் ஃபைல்களை ஒன்றாக்கி, பெயர்களையும் எண்களையும் சரிபார்த்து, ஓர் அறிக்கை தர வேண்டியது என் வேலை. கையால் செய்தால் முழுதாக இரண்டு நாள் போகும். பைத்தான் என்ற நிரல் மொழி தெரிந்தால் இதைச் சில நிமிடத்தில் முடிக்கலாம் என்று ஒரு சக ஊழியர் சொன்னார். வீடியோ பாடங்களை இரண்டு முறை தொடங்கினேன். இரண்டு முறையும் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) வரை வந்து, ஃபங்ஷன் (பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிடும் நிரல் துண்டு) ஆரம்பித்ததும் நின்றுபோனது. வீடியோவில் இருப்பவருக்கு ஓடுகிற நிரல் எனக்கு ஓடாது. ஏன் ஓடவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. அப்படித்தான் ட்யூஷன் தேடினேன்.

முதல் ஆசிரியர் ஆன்லைனில் கிடைத்தார். டெமோ வகுப்பு பிரமாதமாக இருந்தது. நாற்பது நிமிடத்தில், என் கண் முன்னால், எண்ணைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன விளையாட்டை எழுதிக் காட்டினார். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். அடுத்த நான்கு மாதமும் அதே போலத்தான் போனது: அவருடைய திரை, அவருடைய கை, என்னுடைய நோட்டு. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் எல்லாம் தெளிவாகப் புரிந்ததாகவே இருக்கும். ஒருநாள் வகுப்பு ரத்தானது. சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு வெற்று ஃபைலைத் திறந்து, ஒரு பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. ஒருவர் எழுதுவதைப் பார்த்துப் புரிந்துகொள்வதும், நாமே எழுதுவதும் வேறு வேறு திறமைகள் என்று அன்றுதான் உறைத்தது.

அவரிடம் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் தந்த பயிற்சித் தாளில் 7/2 என்பதற்கு விடை 3 என்றிருந்தது. எனக்கு 3.5 வந்தது. நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். உண்மையில் அந்தத் தாள் பைத்தான் 2 காலத்தது. அதில் இரண்டு முழு எண்களை வகுத்தால் தசமம் விழுந்துவிடும், பைத்தான் 3-இல் அப்படி இல்லை. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே ஆசிரியர் தரும் தாளில், விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லை என்றால், அந்தத் தாள் பழையது என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சேருவதற்கு முன்பே ஒரு பயிற்சித் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இரண்டாமவர் பெரிய நிறுவனம் ஒன்றில் மூத்த டெவலப்பர். இந்த முறை என் திரையைத்தான் பகிர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் நான் எங்காவது தயங்கினால் பத்து விநாடிக்குள் "ஒரு நிமிஷம், கன்ட்ரோல் குடுங்க" என்பார். அவருடைய மவுஸ் என் திரையில் நகரும், நான்கு வரி வந்து விழும், பிழை போய்விடும். எனக்கு நேரம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மூன்று மாதத்தில் என் மாதாந்திர அறிக்கை நிரல் தயாராகி, அழகாக ஓடியது. அடுத்த மாதம் ஒரு பிரிவில் நெடுவரிசைத் தலைப்பை மாற்றி அனுப்பினார்கள், நிரல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், என் ஃபைலில் இருந்த கோடிங்கை என்னால் படிக்க முடியவில்லை. சரிசெய்ய மறுபடி அவரையே கூப்பிட்டேன்.

இவரிடம் இருபது வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தேன். பதினான்காவது வகுப்போடு அவருக்கு வேலைப்பளு கூடிப்போய், வகுப்புகள் தள்ளிப்போய், கடைசியில் நின்றேபோயின. மிச்சப் பணம் வரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகத்தான் பணம் கொடுக்கிறேன். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொல்வார்கள். முதல் மூன்று மாதத்துக்காவது அந்தத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆசிரியரைத் தேடும்போது விளம்பரத்தையே மாற்றி எழுதினேன். முன்பு "பைத்தான் கற்க விரும்புகிறேன்" என்று போட்டிருந்தேன். இந்த முறை, "பல எக்செல் ஃபைல்களை ஒன்றாக்கிச் சரிபார்க்கும் நிரலை நானே எழுதவும், உடைந்தால் நானே சரிசெய்யவும் வேண்டும்" என்று எழுதினேன். வந்த பதில்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லாருமே அந்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஒருவர், "டெமோவுக்கு நான் எதுவும் தயார் பண்ணிட்டு வரமாட்டேன். உங்ககிட்ட ஓடாத நிரல் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்றார். இப்போது வரை அவரிடம்தான் படிக்கிறேன்.

அந்த முதல் வகுப்பை வரிக்கு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாமே அதே மாதிரிதான். பெயர்ப் பட்டியலிலிருந்து வெற்று வரிகளை நீக்கும் ஒரு நிரல். மூலப் பட்டியல் கெட்டுப்போகக் கூடாதே என்று முன்னாலேயே 'பேக்கப் = பெயர்கள்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

"ஓட விடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. கடைசியில பேக்கப்ல எத்தனை பெயர் இருக்கும்?"

"நூற்றி இருபது, மேடம். அதை நான் தொடவே இல்லையே."

"சரி, பிரின்ட் பண்ணிப் பாருங்க."

112 என்று வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரை நிமிடம் இருக்கும், எனக்கு அது ரொம்ப நீளமாகத் தெரிந்தது. பிறகு கேட்டார், "பேக்கப்னு எழுதின வரியில பைத்தான்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பிரதி எடுன்னு."

"பிரதி எடுங்கற வார்த்தை அந்த வரியில எங்க இருக்கு?"

இல்லை. அந்த வரி அதே பட்டியலுக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். ஒரே பெட்டியில் இரண்டு சீட்டு ஒட்டின மாதிரி. பிரதி வேண்டுமென்றால் காப்பி என்று தனியாகக் கேட்க வேண்டும். இதை அவர் விளக்கவில்லை, என் வாயிலிருந்தே வந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டாமவராக இருந்தால் பத்து விநாடியில் அந்த வரியைத் திருத்தியிருப்பார். நிரல் ஓடியிருக்கும், எனக்கு இந்த விஷயம் தெரியாமலே போயிருக்கும்.

இந்த இரண்டு பழக்கங்களைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். ஒன்று, ஓட விடுவதற்கு முன் என்ன வரும் என்று சொல்ல வைப்பது. நாம் சொன்னதும் திரையில் வந்ததும் எங்கே விலகுகிறதோ, அங்கேதான் நமக்குப் புரியாத இடம் இருக்கிறது. இன்னொன்று, மாணவர் யோசிக்கும்போது பேசாமல் இருப்பது. இரண்டாவது சொல்லும் அளவுக்கு எளிதல்ல. விடை தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க நிறையப் பொறுமை வேண்டும்.

எரர் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். அதுவரை சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே மூடிவிட்டுக் கோடிங்கை வெறித்துக்கொண்டிருப்பேன். பைத்தானில் அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும், அதற்கு மேலே எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பது இருக்கும். பழைய பதிப்பு வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, மூடாமல் விட்ட அடைப்புக்குறி எது என்றுகூட நேராகச் சுட்டிக்காட்டுகிறது. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி.

வீட்டு வேலைக்கு அவர் வைத்த விதி: மாட்டிக்கொண்டால் இருபது நிமிடம் தனியாகப் போராட வேண்டும். அதற்குப் பிறகு, என்னென்ன முயன்றேன் என்பதையும் சேர்த்து எழுதிக் கேட்கலாம். எழுதும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும், அனுப்பாமலே அழித்துவிடுவேன். மூன்றாவது வாரத்திலேயே, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பழக்கினார். தொடக்கத்திலேயே எதற்கு இது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. முடிந்த நிரலைப் பார்த்தால் விடை சரியா என்பது மட்டும்தான் தெரியும், கிட் வரலாற்றைப் பார்த்தால் நான் எதை எழுதி எதை அழித்தேன் என்பது தெரியும். அவர் வகுப்புக்குத் தயாரானதே அந்த அழித்த வரிகளைப் படித்துத்தான்.

தனி ஆசிரியரிடம் படித்தால் வகுப்பறையைவிடப் பல மடங்கு பலன் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்த 98 சதவீதம் பேரைவிட நன்றாகச் செய்தார் என்றது அது. புள்ளியியலில் இதை இரண்டு திட்ட விலக்கம் என்பார்கள் (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). விளம்பரத்தில் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: அந்த மாணவர்களுக்கு அடிக்கடி சோதனை வைத்து, தவறைத் திருத்தி, ஒன்றில் தேறிய பிறகே அடுத்ததற்குக் கொண்டுபோனார்கள். கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ப்ளூம் சொன்ன அந்த இரண்டு, 0.79 ஆகக் குறைந்துதான் தெரிந்தது. அதுவும் நல்ல பலன்தான். ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தாலே வந்துவிடும் பலன் அல்ல. என் முதல் நான்கு மாதம் அதற்குச் சாட்சி.

குறைகளையும் சொல்கிறேன். இந்த முறை மெதுவானது. அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸைத் தொடவே பதினோரு வாரம் ஆனது. அதற்கு முன் அதே வேலையை டிக்ஷனரியும் (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் அமைப்பு) லூப்பும் வைத்து நீளமாக எழுத வைத்தார். பிறகு பாண்டாஸில் அது ஆறு வரியாகச் சுருங்கியபோது, ஒவ்வொரு வரியும் உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அடுத்த மாதம் தேர்வு, நேர்முகம் என்று இருப்பவருக்கு இவ்வளவு காத்திருக்க முடியாது. வெப்சைட் செய்யவும் கற்றுத்தருவீர்களா என்று கேட்டேன். "அது எனக்குச் சரியா வராது, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது ஏமாற்றம்தான், இப்போது அதற்காகவே அவர்மேல் மதிப்பு கூடியிருக்கிறது.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு இனி ஆசிரியர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நானும் ஒரு மாதம் வகுப்பை நிறுத்திவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தேன். வேலை வேகமாக முடிந்தது. மாதக் கடைசியில் என் நிரலில் எனக்கு விளங்காத மூன்று ஃபங்ஷன்கள் சேர்ந்திருந்தன. இரண்டாவது ஆசிரியரிடம் நடந்த அதேதான், கன்ட்ரோல் மறுபடி கைமாறியிருந்தது. இப்போதும் பயன்படுத்துகிறேன். இருபது நிமிட விதிக்குப் பிறகு, எரருக்கு விளக்கம் மட்டும் கேட்பேன். வரிக்கு வரி விளக்க முடியாத எதையும் என் ஃபைலில் ஒட்டுவதில்லை.

டெமோவில் இனி நான் பார்ப்பது கொஞ்சம்தான். என் திரை பகிரப்பட வேண்டும், ரிமோட் கன்ட்ரோல் அணைந்திருக்க வேண்டும். உடைந்த நிரலைக் காட்டினால் கேள்வி வருகிறதா, விடை வருகிறதா என்று கவனிப்பேன். அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால் தெரியாது என்கிறாரா என்பதும் முக்கியம். அவருடைய சான்றிதழையும் அனுபவ ஆண்டுகளையும் இதற்கெல்லாம் பிறகுதான் பார்ப்பேன். வகுப்பு ஒரு மணி நேரம் போதும். ஒன்றரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம், கடைசி அரை மணியில் எதுவும் ஏறவில்லை.

முதலில் வாரம் இரண்டு வகுப்பு, பிறகு ஒன்று, இப்போது மாதம் ஒன்று. போன மாதம் அறிக்கையில் அறுபத்து மூன்று பேர் குறைந்தார்கள். எரர் எதுவும் வரவில்லை. அடையாள எண்களை எழுத்தாக மாற்றித்தான் பொருத்துகிறேன். ஆனால் ஃபைலைப் படிக்கும்போதே 00417 என்பது 417 என்ற எண்ணாகி, முன்னால் இருந்த சுழிகள் போய்விட்டிருந்தன. படிக்கும்போதே எழுத்தாகப் படி என்று ஓரிடத்தில் சேர்த்ததும் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, யாரையும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் ஆசிரியருக்கு எழுதினேன். பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது: "வேற எந்த நெடுவரிசையில இது நடந்திருக்கும்?"

போய்ப் பார்த்தேன். தொலைபேசி எண்களில் நடந்திருந்தது.