நான்கு வருடம் ஒரு பிரசங்கியார் குழுவில்: சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

திருவொற்றியூர் பக்கம் ஊழியம் செய்யும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். “அண்ணே, உங்க செவ்வாய்க்கிழமை குழுவில நானும் சேரலாமா?” உடனே பதில் சொல்ல வரவில்லை. முந்தின நாள் கூட்டத்தின் சூடு அப்போதும் தணியவில்லை.

எட்டுப் பேர். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், பெரம்பூரில் ஒரு ஆலயக் கூடம். வரும் ஞாயிறின் வேதபாடத்தை நீதி, சமத்துவம் என்ற கண்ணோடு வாசிப்போம். இரண்டு பேர் ஏற்கெனவே செய்த பிரசங்கத்தை எடுத்து வைப்பார்கள், மற்றவர்கள் குறை நிறை சொல்வோம். கற்றுக்கொடுக்க வெளியாள் கிடையாது.

எனக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை ஏன் இல்லை என்று வாலிபர்கள் கேட்டால் முன்பெல்லாம் மழுப்புவேன். அந்த உரிமையை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்த 1950 ஆணையை இங்கேதான் உட்கார்ந்து படித்தேன். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. இப்போது பிரசங்க பீடத்திலேயே சொல்கிறேன்.

ஆனால் என்னை அசைத்தது மத்தேயு 20தான். திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமை: விடியற்காலையில் வந்தவனுக்கும் கடைசி மணியில் வந்தவனுக்கும் ஒரே கூலி. பதினைந்து வருடமாக அதைக் கிருபை என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் இருக்கும் ஒரே ஆயரம்மா, அந்தப் பகுதியை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் விடியற்காலையில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முனைக்குப் போய் நின்றிருக்கிறார். ஆறு மணிக்கு மேஸ்திரி வந்து வாட்டசாட்டமான பையன்களைக் கூட்டிப் போகிறார். ஒன்பதரைக்கும் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவர்கள் வயதான பெண்கள், கை நடுங்கும் ஒரு பெரியவர். “சும்மா நிக்கலம்மா, யாரும் கூப்பிடல” என்றாராம் ஒரு சித்தாள். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்ற வசனம் அப்படியே அந்த முனையில் நிற்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் பழைய குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன்.

சரி, கோபம் எதற்கு? அந்த அம்மாவுக்கு எப்போதும் கடைசி முறைதான். ஊழிய வயதுப்படி பேசுவது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மூத்த ஐயா ஆரம்பித்தால் முப்பத்தைந்து நிமிடம். அப்புறம் அடுத்த மூத்தவர். அம்மாவிடம் வரும்போது டீ வந்துவிடும், ஒருவர் பைக் சாவியை எடுத்துவிடுவார். போன செவ்வாயும் அதுவே, இந்த வருடம் மூன்றாவது தடவை. அவர் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். “அடுத்த முறை பார்க்கலாம்மா” என்றார்கள். தாளை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 2013இலேயே நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணைப் பேராயராக அபிஷேகம் பண்ணியது. எட்டுப் பேர் உட்காரும் கூடத்தில் ஒரு பெண்ணுக்கு இருபது நிமிடம் நம்மால் ஒதுக்க முடியவில்லை. சமத்துவம் படிக்கிற குழு!

மூத்த ஐயா கெட்டவர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று ஞாயிறு என் சபைக்குப் பஸ்ஸில் வந்து ஆராதனை நடத்தியவர், ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தை அவர் விளக்கிக் கேட்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். நான்கு வருடமாக நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று ராத்திரி தம்பியைக் கூப்பிட்டேன். “இப்போதைக்கு வேண்டாம்ப்பா” என்றேன். அவருக்கு ஆச்சரியம். இத்தனை நல்லது சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறீர்களே என்றார். ஒன்பதாவது ஆளாக நீ வந்தால் அம்மாவின் ஐந்து நிமிடமும் போய்விடும் என்றேன். வரும் செவ்வாய் முதலில் அவர் பேசட்டும் என்று நான் எழுந்து கேட்கப் போகிறேன். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே உனக்குப் போன் பண்ணுகிறேன்.