பட்சி சொல்கிறதா, பயம் சொல்கிறதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பாட்டியிடம் உள்ளுணர்வு, பயம் இரண்டுமே இருந்தன.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போதே முற்றத்தில் நின்று, "இன்னைக்கு வெட்டு நடக்காது" என்பார். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழியும். பால் பிடிக்கும் கோப்பையான மங்கில் மழை இறங்கினால் அன்றைய பாடு வீண். அதனால் கணிப்பு தப்பினால் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். முப்பது வருஷம் வானமே அவருக்குத் திருத்திக் கொடுத்தது.

அதே பாட்டி ராத்திரி லாரிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவார். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ராணுவம் தேடி வேட்டையாடிய அவசரகாலம் வந்தது. அன்றைக்கு லாரிக்குப் பயந்தது புத்திசாலித்தனம்தான். 1960இல் அவசரகாலம் முடிந்தது, பாட்டியின் காதில் முடியவில்லை. செம்பனைக் குலை ஏற்ற வந்த லாரிக்கும் லயத்தில் எங்கள் வீடு மட்டும் இருட்டாகும். யார் வந்தது என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு ராத்திரியும், விளக்கை அணைத்ததால் தப்பித்த ராத்திரியாகக் கணக்கில் ஏறியது.

உள்ளுணர்வு அமைதியாகப் பேசும், பதற்றம்தான் படபடக்கும் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செம்பனை மட்டைக் குவியல் முன்னால் கால் தானாக நின்று, பாம்பைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைவிட உதவுகிறது. உள்ளுணர்வை நம்ப, சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அதில் நாள்பட்ட பழக்கமும், சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வழியும் வேண்டும் என்கிறார்கள். பாட்டியின் மழைக்கு எல்லாம் இருந்தன. லாரிக்குக் கடைசியாகச் சொன்னது இல்லை.

(குடித்துவிட்டு அடிக்கும் அப்பா உள்ள வீட்டில் பிள்ளை காலடிச் சத்தத்துக்குக் காது கொடுப்பது வேறு. அங்கே ஆபத்து இன்னும் வாசலில் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய் "பயப்படாதே" என்று சொல்லக்கூடாது.)

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பட்சி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பயத்துக்குப் பதில் கிடைத்தாலும் போதாது. மகன் ஈப்போவில் இரவு ஷிப்ட். போன் எடுக்கவில்லை என்று தவித்தேன். எடுத்தான், உடனே மழை ஞாபகம் வந்தது. மழை விட்டது, சாலையில் லாரிகள். ஒருவழியாக வந்து, சாப்பிட்டு, படுத்தும் விட்டான். சரி என்று நானும் படுத்தேன். அப்புறம் எழுந்து, மோட்டார் சைக்கிளைப் பூட்டியிருக்கிறானா என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.